அசதி வேறு, அசைவு வேறு!

"உடற்பயிற்சி செய்றீங்களா அக்கா?"

ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்டால், "அதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்?" என்பார். "வேலை அதிகமா?" என்று கேட்டால், "காலையில நாலரைக்கு எழுந்தா ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலைதான்" என்பார்.

இரண்டும் உண்மைதான். முதல் பதிலை மட்டும் எழுதிக்கொண்டால் அவர் உடம்பை அசைக்காதவர். இரண்டாவதை மட்டும் எழுதிக்கொண்டால் ஓயாமல் உழைப்பவர். எதை நம்புவது?

சுகாதார ஆய்வாளர்களுக்கு இது பழைய தலைவலி. அதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 16 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறது. வேலை, போய்வருவது, ஓய்வு நேரம் என மூன்றையும் அதில் தனித்தனியாகக் கேட்கிறார்கள். வாரத்தில் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. வீட்டு வேலையும் வேலைதான். ஆனால், மூச்சோ இதயத்துடிப்போ கூடினால்தான் சேரும். கடைசிக் கேள்வி: ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

தோல் தொழில் ஊர்களில் சிக்கலே இந்தக் கேள்வியில்தான். டேனரியில் ஈரத்தோலைத் தூக்கி டிரம்மில் போடுபவருக்கு மூச்சு வாங்கும். ஷூவின் மேல்பகுதியை மிஷினில் தைப்பவருக்கோ இடுப்பு வலிக்கும், கண் எரியும், மூச்சு வாங்காது. ஒரே தொழில்தான், கணக்கு மட்டும் வேறு. மாலையில் இருவருக்கும் அசதி ஒன்றுபோலவே இருக்கும். அசதியை உடலுழைப்பு என்று நினைத்துவிட்டால், சர்க்கரை உள்ளவர் "எனக்கு எதுக்கு நடை?" என்று இருந்துவிடுவார்.

தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் இந்தப் படிவத்தைக் கொண்டு ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒன்று நடந்தது. 2014-ல் முடிவு வந்தபோது, 54.4% பேருக்குப் போதிய உடலசைவு இல்லை என்று தெரிந்தது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்பவர்கள் 10 சதவிகிதத்துக்கும் குறைவு.

போன் எண்ணிச் சொல்லாதா? வேலை முடியும்வரை அது பையிலோ லாக்கரிலோ கிடந்தால், நடந்த நடை அதற்குத் தெரியாது. பலரும் துரத்தும் 10,000 அடி இலக்கும் மருத்துவர்கள் வகுத்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது.

ஒரு தாளும் பேனாவும் போதும். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்கிற வேகத்தில் நடந்த நிமிடங்களை மட்டும் ஒரு வாரம் எழுதுங்கள். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் வேண்டும். பஸ் நிற்கும் இடத்துக்குப் போக 10, வர 10, வாரத்தில் 6 நாள் என்றால் 120. மீதி 30 நிமிடம்தான்! ஒரே மூச்சாக நடக்க வேண்டியதில்லை. தொடர்ந்து 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற விதியை 2020-லேயே நீக்கிவிட்டார்கள். உட்கார்ந்த நேரத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை டாக்டர் "நடக்கிறீங்களா?" என்று கேட்டால், "நாள் பூரா வேலை டாக்டர்" என்று சொல்லாமல் அந்தத் தாளை நீட்டுங்கள். உங்களுக்கு எவ்வளவு நடை, எந்த வேகத்தில் என்று அவர் சரியாகச் சொல்ல அது உதவும்.