கதைநடை சேரியிலிருந்து தொடங்கட்டும்

சிங்கப்பெருமாள் கோவிலில் நரசிம்மரை வலம் வரவேண்டுமென்றால் குன்றையே சுற்றி நடக்கவேண்டும். குடைவரைக் கோயில், கருவறை குன்றோடு குன்றாக இருக்கிறது. இப்படிப்பட்ட கோயில்களுக்குள் எல்லோரும் கால் வைக்கலாம் என்று சொல்வதற்குச் சென்னை மாகாணத்தில் 1947இல் ஒரு சட்டமே தேவைப்பட்டது. யார் எங்கே நடக்கலாம் என்பதை இந்த மண்ணில் சாதிதான் தீர்மானித்து வந்திருக்கிறது. பிள்ளைகளை நடக்கவைத்துப் படிக்கவைப்போம் என்று பேசும்போதும் இதை மறந்துவிட முடியாது.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 2007இல் ஆன் பெர்குசன் என்பவர் ஒரு வேலை செய்தார். படக்கதைப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, நடைபாதை ஓரமாக வரிசையாக நட்டுவைத்தார். ஒரு பக்கத்தைப் படித்த பிள்ளை அடுத்த பக்கத்துக்கு ஓடும். அம்மாவும் அப்பாவும் பின்னால் நடந்தே ஆகவேண்டும். எளிய, அருமையான யோசனை. ஜி.எஸ்.டி. சாலைப் புகையில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் வேண்டும். ஏரிக்கரையும் காடும் இன்னும் மிச்சமிருக்கும் ஊர் நம்முடையது. கேள்வி ஒன்றுதான்: அந்த வழி எங்கே தொடங்கும், யார் வாசலைத் தாண்டிப் போகும்?

வழக்கப்படி விட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். வாயிலில் காவலாளி நிற்கும் குடியிருப்பில் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கார்கள் கிளம்பும், ஏரிக்கரையில் இறங்கும், பறவை பார்க்கும், கதை படிக்கும், திரும்பிவிடும். அதே நேரத்தில் அந்த வீடுகளின் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருக்கும் பெண்ணின் பிள்ளையை யார் கைபிடித்து நடத்திப் போவது? இரவு ஷிப்ட் முடித்துவந்து படுத்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஞாயிறு காலை என்று ஒன்று உண்டா? சேரியைச் சுற்றிக்கொண்டு ஏரிக்குப் போகிற நடை, பழைய வழித்தடம்தான். கையில் புத்தகம் இருப்பது மட்டும் புதிது.

நடக்கும் உரிமை நமக்கு யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்று 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். நூறு ஆண்டு கழிந்தும் தமிழ்நாட்டில் சில ஊர்த் தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளைகள் வாசிக்கப்போகும் முதல் நடைக்கதை இவருடையதாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?

அடுத்து, இயற்கையைச் சொல்லித்தர யாரை அழைக்கப் போகிறோம்? இதே மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிப்போயிருந்த பர்மிய மலைப்பாம்புகளில் 13ஐ முதல் இரண்டு வாரத்துக்குள் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தரையில் பதிந்த தடத்தைப் பார்த்துப் பாம்பைச் சொல்லும் இந்த மக்களின் பிள்ளைகள்தான் பழங்குடிச் சான்றிதழ் என்ற ஒரு தாளுக்காக ஆண்டுக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள். அவர்களைக் காட்டின் குழந்தைகள் என்று கொஞ்சிவிட்டுப் போவதும் ஏமாற்றுதான். இருளர் பெரியவருக்குச் சம்பளம் கொடுத்து நடைக்கு ஆசிரியராக அழையுங்கள். அவர் பேரப்பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

"குழந்தைகள் விஷயத்திலுமா சாதி பேசுவீர்கள்?" என்று கேட்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். குழந்தைகளுக்குச் சாதியை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் ஏற்கனவே சொல்லித்தந்துவிட்டது. எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது, யார் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்ற பாடம் கால்வழியாகத்தான் ஏறுகிறது. அதை இறக்குவதற்கும் கால்தான் வழி.

தோழர்களே, செலவு பெரிதில்லை. ஒரு புத்தகம், லேமினேஷன், இருபது மூங்கில் கொம்பு, கொஞ்சம் கயிறு. பதிப்பகத்திடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுவிடுங்கள். முதல் பக்கத்தைச் சேரியில் அம்பேத்கர் சிலைக்கு அருகில் நடுங்கள். அடுத்தடுத்த பக்கங்கள் ஊர்த்தெரு வழியாகப் போகட்டும். கடைசிப் பக்கம் ஏரிக்கரையில் இருக்கட்டும். நேரத்தை வேலைக்குப் போகும் தாய்மார்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பக்கம் இருக்கட்டும்.

குடியிருப்புப் பிள்ளைகளும் வரட்டும், வரவேண்டும். ஆனால் கதையின் முதல் பக்கம் சேரியில் இருக்கிறது. அங்கே வந்து படிக்காமல் அவர்களுக்கு இரண்டாம் பக்கம் புரியாது.