காற்றோடு போகாத பேச்சு

1924இல் சென்னை மாகாண வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, கேட்டவர் கேட்டார். தவறவிட்டவருக்குப் போனது போனதுதான். பேச்சு காற்றோடு போய்விடும் என்பதே அந்தத் தொழிலின் அடிப்படை. சொன்ன நேரத்தில் தொடங்குவது, நொடி பிசகாமல் முடிப்பது, காதில் விழுந்ததும் புரிகிற மாதிரி எழுதுவது எல்லாமே அதிலிருந்து பிறந்த பாடங்கள். ஊடகவியல் துறைகள் இன்றும் அவற்றைக் கற்றுக்கொடுக்கின்றன, கொடுக்கவும் வேண்டும்.

ஆனால், இன்று பேச்சு காற்றோடு போவதில்லை. காலையில் வாசித்த செய்தி மதியம் யூடியூபில் இருக்கிறது. மாலைக்குள் அதில் 30 நொடியை யாரோ வெட்டி வாட்ஸ்அப்பில் விடுகிறார். தவறாக வாசித்ததை அடுத்த செய்தியறிக்கையில் திருத்திவிடலாம். வெட்டுப்பட்டுப் போன துண்டின் பின்னால் அந்தத் திருத்தம் ஓடாது. மழைக்காலம் வந்தாலே 2015 சென்னை வெள்ளக் காட்சிகள் ‘இன்றைய நிலவரம்’ என்று மறுபடி சுற்றுகின்றன. காட்சியின் மீதே நாளும் இடமும் பொறிக்கப்பட்டிருந்தால் இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. ஒலி, ஒளிபரப்பு மாணவர்களுக்கான டிஜிட்டல் பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது எண்கள். தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தித் தொலைக்காட்சிப் பார்வையாளர்களை மதிப்பிடுகிறது ‘பார்க்’ அமைப்பு. யூடியூபோ, எந்த இடத்தில் ஆட்கள் நழுவினார்கள் என்பதைக் கோடாகவே வரைந்து காட்டிவிடுகிறது. அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் முன்னுரையைச் சுருக்குவார்; தெரியாதவர் எடுத்த எடுப்பிலேயே அலறத் தொடங்குவார்.

சட்டமும் ஒன்றல்ல. கேபிள் தொலைக்காட்சிக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம், இணையச் செய்திக்கு 2021ஆம் ஆண்டு விதிகள். ஒரே செய்தி இரண்டு வழியிலும் போகும்போது, ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு மைக் முன் உட்காருவது ஆபத்து.

‘பிறந்ததிலிருந்து போனோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை வகுப்பில் வேறு சொல்லித்தர வேண்டுமா?’ என்று சிலர் கேட்கிறார்கள். செயலியை இயக்கத் தெரிவது வேறு. ஊடகத்தை அறிவது வேறு. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் மேடை ஒரே இரவில் போய்விட்டது. சரிபார்க்கவும் சுருங்கச் சொல்லவும் கற்றவருக்கு மேடை மாறினாலும் தொழில் கைவிடாது.

ஆகவே, பாடத்திட்டத்தில் புதிய தாள் ஒன்றைச் செருகுவதோடு நிற்க வேண்டாம். மாணவர் தயாரித்த ஐந்து நிமிடச் செய்தியை இணையத்தில் ஏற்றி, ஒரு மாதம் அதன் பின்னால் போகச் சொல்லுங்கள்: எங்கே வெட்டுப்பட்டது, எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, திருத்தம் எவ்வளவு தூரம் போனது? செய்முறை மதிப்பெண்ணில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள்.