காங்கேயில் ஓர் உத்தியோகம்

'பிள்ளைகளின் எதிர்காலம்' என்னும் இப்பகுதியில் பொறியியல், கணக்கியல், இரயில்வே தேர்வு முதலியவற்றைப் பற்றி முன்னர் எழுதியுள்ளோம். இத்திங்கள் எழுதவிருப்பதோ, பெயரைச் சொன்னாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கும் ஒரு துறையைப் பற்றி. மனநோயுற்றோரையும் குடிக்கு அடிமையானோரையும் மீட்டெடுத்து வாழ்வில் நிறுத்தும் பணியே அது.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, டாடாநகர் இரயில்வே குடியிருப்பில் நம் இல்லத்துக்கு ஒரு பெண் வந்தாள். நம்முடன் சரக்கு அலுவலகத்தில் பணிபுரியும் மூத்த நண்பரின் மகள், பி.ஏ. தேறியவள். "சித்தப்பா, நான் சமூகப்பணியில் முதுகலை படித்து, பிறகு காங்கே சென்று மனநலப் பயிற்சி பெற விரும்புகிறேன். அப்பாவோ வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார். நீங்கள்தான் அவரிடம் பேசவேண்டும்" என்றாள்.

காங்கே என்பது ராஞ்சியை அடுத்துள்ள ஊர். அங்கே 1918இல் ஐரோப்பியருக்கென ஒரு மனநல மருத்துவமனையும், 1925இல் இந்தியருக்கென மற்றொன்றும் அமைந்தன. இரண்டும் இன்று எல்லார்க்கும் சிகிச்சை தருவதோடு, மாணவர்களைப் பயிற்றும் நிலையங்களாகவும் விளங்குகின்றன. ஆயினும் இப்பக்கத்து மக்கள் ஒருவரை எள்ளி நகையாட எண்ணினால், "இவனை ராஞ்சிக்கு அனுப்பவேண்டும்" என்பார்கள். நம் சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லுக்கு என்ன பொருளோ, அதே பொருள்தான்.

நண்பரிடம் பேச்செடுத்தோம். "பெண்ணை யார் கட்டுவார்கள் தம்பி? காங்கேயில் இருக்கிறாள் என்றால், வேலைக்குப் போனாளா, வைத்தியத்துக்குப் போனாளா என்று ஊர் கேட்காதா?" என்றார். நாம் வாய்மூடித் திரும்பினோம். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததனால் அன்று. நம்மிடம் ஒரு மறைப்பு இருந்ததனால்.

இச்சங்கத்தில் நம்மை அறிந்தோர் பலர், நம் தமையனார் ஊரில் வயல் பார்க்கிறார் என்றே எண்ணியிருப்பார்கள். அவ்வாறு சொல்லி வந்தவர் நாமே. உண்மையில் அவர் இருபத்துநான்காம் வயதில் மனநோயுற்றார். எவரும் பேசாதபோது குரல்கள் கேட்டன. உண்ணும் உணவையும் ஐயுற்றார். தாயத்து கட்டினோம், கோயில் கோயிலாக அழைத்துச் சென்றோம். பின்னர் ஒரு வைத்தியரிடம் காட்ட, மாத்திரையால் குணம் தெரிந்தது. ஆனால் இரண்டு மாதம் ஆனதும் மாத்திரையை நிறுத்திவிடுவார், நோய் மீளும். நான்கு முறை இவ்வாறு நேர்ந்தது. அவரைப் பிடிவாதக்காரர் என்று வைதோமேயன்றி, ஏன் நிறுத்துகிறார் என்று எவரும் கேட்டிலோம். சீட்டு எழுதித் தந்தவர்களும் கேட்டிலர்.

பின்னர் சென்ற மருத்துவமனையில், சமூகப்பணியாளராக இருந்த அம்மையார் ஒருவர் நம் அன்னையாரை அருகில் அமர்த்தி, "அவர் எத்தனை மணிக்கு எழுகிறார்? யாரோடு அமர்ந்து உண்கிறார்? மாத்திரை உண்டபின் அவர் உடல் எப்படி இருக்கிறது?" என்று வினவினார். தமையனாரைத் தனியே கண்டும் பேசினார். மருந்தினால் அவருக்குக் கை நடுங்கியிருக்கிறது. தேநீர்க் கடையில் குவளையைப் பிடிக்கமுடியாத வெட்கத்தால் மாத்திரையை விட்டிருக்கிறார்! அம்மையார் இதை மருத்துவரிடம் எடுத்துரைக்க, மருந்தும் அளவும் மாற்றப்பட்டன. பிறகு அவருக்கென ஒரு கைத்தொழிலும் பார்த்துத் தந்தார். இன்று எட்டு ஆண்டுகளாகத் தமையனார் ஓர் அச்சகத்தில் நூல் கட்டுகிறார். நோய் முற்றும் அகன்றது என்று சொல்லமாட்டோம்; வாழ்வு அவர் கைக்கு மீண்டது என்போம்.

அன்பர்களே, மருந்து நோயை அடக்கியது. அம்மருந்தை அவர் தொடர்ந்து உண்ணும்படிச் செய்தது ஒருவரின் கேள்வி. அவ்விதம் கேட்கத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் ஜார்க்கண்டும் தமிழ்நாடும் உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஒரு மனக்கோளாறு இருப்பதாகவும், நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றும் அதில் கண்டனர்.

கவனிப்பார் இன்மையால் விளையும் கேட்டுக்கு ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், அங்கே தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல், 28 மனநோயாளர் உயிரிழந்தனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் சங்கிலியைக் கழற்றலாம்; கழற்றியபின் கைப்பிடித்து நடத்திச் செல்ல ஆள் வேண்டாமா?

இனி, இத்துறையில் புக விரும்பும் பிள்ளைகளுக்குள்ள வழிகளைக் கூறுவோம்.

மனநல மருத்துவராக, எம்.பி.பி.எஸ். முடித்து மூவாண்டு எம்.டி. பயிலவேண்டும். இங்கே கூறும் பணியினருள் மருந்து எழுதும் உரிமை இவர்க்கே உரியது. மருத்துவ உளவியலாளராக, உளவியல் முதுகலைக்குப்பின் ஈராண்டுச் சிறப்புப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும். மனநலச் சமூகப்பணியாளராக, சமூகப்பணி முதுகலையின் மேல் ஈராண்டுப் பயிற்சி வேண்டும். செவிலியர் படிப்பு முடித்தோர்க்கு மனநலச் செவிலியப் பட்டயமும் பட்டமும் உண்டு. இப்படிப்புகளின் பெயரும் அமைப்பும் மாறிவருவதால், பணம் கட்டுமுன் அந்நிலையம் அங்கீகாரம் பெற்றதா என்று நேரில் விசாரித்தல் இன்றியமையாதது. ஆறு வாரத்தில் 'ஆலோசகர்' சான்றிதழ் தருவோம் என்னும் விளம்பரங்களை நம்பி ஏமாறவேண்டா.

குடியிலிருந்து மீட்கும் பணி இதற்கு அடுத்தது. குடியினால் கணவரை இழந்த திருமதி சாந்தி ரங்கநாதன், அத்துயரோடு முடங்கிவிடாமல் 1980இல் சென்னையில் அவர் பெயரால் ஒரு மீட்பு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் புகலிடமாயிற்று. மீட்பு இல்லங்களில், தாமே குடியை விட்டு மீண்டவர்கள் பயிற்சி பெற்று ஆலோசகராவதும் உண்டு. பட்டம் பெற்றவர் அறியாத சிலவற்றை அவர்கள் அறிவார்கள். ஆயினும் தம் நலம் உறுதிப்பட்ட பின்னரே பிறர் நலத்தை ஏற்கவேண்டும். நீந்தக் கற்றவனே வெள்ளத்தில் இறங்கலாம்.

கசப்பான உண்மைகளையும் மறைக்கமாட்டோம். தொடக்கச் சம்பளம் வங்கி உத்தியோகத்துக்கு ஈடாகாது. ஒப்பந்த வேலைகளும் பல. நோயாளர் சிலர் குணமடைந்து மீண்டும் வீழ்வர். அதைத் தம் தோல்வியென்று எடுத்துக்கொள்வோர் இப்பணியில் நிலைக்கமாட்டார். இரக்கம் மட்டும் போதாது; மாலையில் வீடு திரும்பி நிம்மதியாக உண்ணவும் உறங்கவும் தெரிந்திருக்கவேண்டும். எனவே பட்டப்படிப்பில் சேருமுன் சில வாரங்கள் ஒரு மனநலத் தொண்டு நிறுவனத்தில் உதவியாளராக இருந்து பார்ப்பது நல்லது. மனம் ஒப்பாவிடில் விலகுவதில் இழிவில்லை.

நண்பரின் பெண்ணுக்காக வாதாட, நாம் முதலில் நம் வீட்டுக் கதவைத் திறக்கவேண்டியிருந்தது. தமையனாரிடம் அனுமதி கேட்டோம். "எழுது தம்பி. என் கை நடுங்கியதையும் சேர்த்து எழுது" என்றார். மறுநாள் மாலை நண்பரிடம் அனைத்தையும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை ஆண்டும் என்னிடம்கூடச் சொல்லவில்லையே" என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை. எழுந்து போகும்போது வாயிலில் நின்று, "காங்கேயில் பெண்களுக்குத் தனி விடுதி இருக்கிறதா தம்பி?" என்று கேட்டார். இசைந்துவிட்டார் என்று நாம் எழுதமாட்டோம். கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார், அவ்வளவே.

இவ்விதழைப் படிக்கும் இல்லங்களில், ஊரில் வயல் பார்ப்பதாகச் சொல்லப்படும் தமையனாரோ தங்கையாரோ இருப்பின், 14416 என்னும் தொலைபேசி எண்ணை அழையுங்கள். அரசினர் 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச உதவி அது. இரவும் பகலும் கிட்டும், தமிழிலும் பேசலாம். இத்துறையில் படிக்க எண்ணும் பிள்ளைகள் நமக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால், அறிந்ததைக் கூறக் காத்திருக்கிறோம்.