வீட்டின் படம் வரையுமுன்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது செலவையும் அலைச்சலையும் எண்ணியே என்பர். இவ்விரண்டிற்கும் இன்னும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒருநாட் கொண்டாட்டத்திற்கு நாம் செலுத்துங் கவனம், அதன்பின் வரும் ஐம்பதாண்டு வாழ்க்கைக்குச் செலுத்துங் கவனத்திலும் மிகுதியாக இருக்கிறது. குடிபுகும் நாளில் வருவோர் கண்டு வியக்கவேண்டிய முகப்பைப் பற்றிப் பலநாட் பேசுகிறோம். மறுநாட் காலையில் அடுப்பு மூட்டப்போகும் இடத்தைப் பற்றி ஒருமணி நேரமேனும் பேசுகிறோமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே 2009 ஆம் ஆண்டு போர் முடிவுற்ற பின்னர் எழுந்த வீடுகள் பல. இடிந்த சுவரை நிமிர்த்தியோர் சிலர். பழைய அத்திவாரத்தின்மேற் புதிதாகக் கட்டியோர் சிலர். பிறநாட்டிலுள்ள பிள்ளைகளின் உழைப்பால் மாடி எழுப்பியோர் சிலர். இனிமேற் கட்ட எண்ணியிருப்போரும், வீட்டிலே அப்பேச்சு நடக்கக் கேட்டிருக்கும் மாணவரும் இதனைப் படிக்கக்கூடும். அவர்கள்முன் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். படம் வரைபவரிடம் போகுமுன் வீட்டார் அனைவரும் கூடியிருந்து இதற்கு விடை காணல் வேண்டும்: "இந்த வீட்டில் நாள் முழுதும் இருக்கப்போகிறவர் யார்?"

வீட்டுத் தலைவர் காலையில் தொழிலுக்குச் சென்று மாலையில் மீள்கிறார். பிறநாட்டுப் பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வந்து சில கிழமை தங்கிச் செல்வர். விருந்தினர் தேநீர் அருந்தும் நேரமே இருப்பர். நாள் முழுதும் வீட்டில் இருப்பவர் முதியோரும், அடுக்களையில் நிற்போரும், பாடசாலை விட்டபின் படிக்கும் பிள்ளைகளுமே. படம் வரையும்பொழுது வாய் திறவாதிருப்பவரும் பெரும்பாலும் இவர்களே.

நம் முன்னோரின் வளவிலே எல்லாம் ஒரே கூரையின்கீழ் அமைந்திருக்கவில்லை. உறங்கவும் பொருளைக் காக்கவும் வீடு, வருவோரை வரவேற்கத் தலைவாசல், சமையலுக்கு அடுக்களை, பகற் பொழுதைக் கழிக்க மால். இவை தனித்தனியே நின்றன. ஓலைக்கூரை நெருப்புக்கு அஞ்சுவதாதலின் அடுக்களை விலகி நின்றது. வசதி படைத்தோர் கட்டிய நாற்சார் வீட்டிலோ நாற்புறமும் சார்கள் சூழ, நடுவிலே வானம் பார்த்த முற்றம் இருந்தது. அதனை வீணாய்ப்போன இடமென்று இக்காலத்தார் சிலர் கருதுவர். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேற, நிழல்பட்ட விறாந்தையின் குளிர்ந்த காற்று அறைகளினுள்ளே புகுந்தது. நடு அறைக்கும் பகலில் விளக்கு வேண்டியிருக்கவில்லை. இன்று இரண்டு பரப்புக் காணியில் நாற்சார் கட்டுதல் எல்லார்க்கும் இயலாது. ஆயினும், ஒவ்வோர் அறைக்கும் இரு புறங்களில் யன்னல் கிடைக்குமாறு வகுத்தல் பெரும்பாலும் இயலும். ஒரு யன்னலாற் புகுந்த காற்று மற்றொன்றால் வெளியேறினாலன்றி அறை குளிராது.

இனி, வெயிலை நோக்குவோம். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் உள்ளது. ஆதலின் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி முற்பகுதியிலும் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களிற் சற்றே வடக்குச் சாயும். மார்கழியில் நன்கு தெற்குச் சாயும். உயரத்திலிருந்து விழும் நண்பகல் வெயிலை அகன்ற இறவாரம் தடுத்துவிடும். காலையிற் கிழக்குச் சுவரிலும் பிற்பகலில் மேற்குச் சுவரிலும் சரிந்து விழும் வெயிலை அது தடுக்கமாட்டாது. இவ்விரண்டிலும் கொடியது மேற்குச் சுவரே. பிற்பகலில் அது உண்ட வெப்பம் முன்னிரவிலே அறையினுள் இறங்கும். ஆகவே குளியலறை, களஞ்சிய அறை, மாடிப்படி முதலியவற்றை மேற்கிலே ஒதுக்குவது நன்று. படுக்கையறை அங்கேதான் அமையுமென்றால், அத்திவாரத்தை விட்டு விலக்கி ஒரு வேம்போ மாவோ இப்போதே நடுக. பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலகத்திலே மின்விசிறியின்கீழ் இருப்பவர்க்கு அந்தச் சுவரைப் பற்றிய கவலை இராது. அறையிற் படுத்திருக்கும் முதியவரே அதன் சூட்டைத் தாங்குபவர்.

காற்றின் வழியும் அவ்வாறே கருதத்தக்கது. ஆண்டின் நடுப்பகுதியிலே சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். கார்த்திகை தொடங்கி வாடை வடகிழக்கிலிருந்து வரும். தென்மேற்கு மூலையில் அடுக்களை அமைந்தால் சோளகம் புகையை வீடு முழுதும் கொண்டுசெல்லும். வடகிழக்கில் அமைந்தால் வாடை அவ்வேலையைச் செய்யும். தென்கிழக்கிலோ வடமேற்கிலோ அமைந்தால் இரு காற்றும் புகையை வீட்டின் பக்கமாகவே கடத்திவிடும். மனையடி நூலார் அடுக்களைக்கு அக்கினி மூலையாகிய தென்கிழக்கைச் சொல்லி, அது வாய்க்காவிடின் வாயு மூலையாகிய வடமேற்கைச் சொல்வர். நம்பிக்கையுடையோர் நம்பிக்கையாற் கொள்க. ஏனையோர் காற்றை எண்ணிக் கொள்க.

மூலையைத் தெரிந்துவிட்டால் அடுக்களைக் காரியம் முடிந்துவிடாது. புதிய வீடுகள் பலவற்றில் உள்ளே பளபளக்கும் அடுக்களை ஒன்று பூட்டியபடி இருக்க, பின்புறத்துத் தகரக் கொட்டிலிலே மெய்யான சமையல் நடக்கக் காண்கிறோம். தேங்காய் துருவ, மீன் வெட்ட, தூள் இடிக்க, பெரிய பானை கழுவ அங்கே இடமிருக்கிறது, உள்ளே இல்லை. சமைப்பவரைக் கேளாமல் வரைந்த படத்தின் விளைவு இது. மேடையின் உயரம் சமைப்பவரின் முழங்கைக்குச் சற்றுத் தாழ்ந்திருத்தல் வேண்டும். மேசனின் உயரத்திற்கு அமைத்தால், அவர் கூலி பெற்றுச் சென்றபின் முதுகுவலி வீட்டில் தங்கிவிடும். தண்ணீர்க் குழாய், அடுப்பு, வெட்டுமிடம் மூன்றும் சில எட்டுக்குள் இருத்தல் வேண்டும். அடுக்களையின் யன்னல் முற்றத்தையோ படலையையோ நோக்கியிருந்தால் இன்னும் நன்று. நாளில் நான்கைந்து மணிநேரம் வெறுஞ்சுவரைப் பார்த்து நிற்குமாறு ஒருவரை வைத்தல் முறையன்று.

அண்மையில் உறவினர் ஒருவர் தாம் கட்டப்போகும் வீட்டின் படத்தை விரித்துக் காட்டினார். முன்னே விறாந்தையும் அதனையொட்டி விருந்தினர் அறையும். அடுத்துப் பெரிய கூடம். மேலே மூன்று அறைகள். எண்பது வயதை எட்டிய தாயாருக்குப் பின்புற மூலையில் ஓர் அறை. "அமைதியாக இருக்கும்" என்றார். தாயார் பக்கத்திலேயே இருந்தார்.

"மாமி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தம்பி, றோட்டாலை போற சனத்தைப் பாக்க ஒரு யன்னல் இருந்தாக் காணும். ராவிலை எழும்பினாப் படி ஏறி இறங்காமல் கக்கூசுக்குப் போகவேணும்" என்றார்.

மகன் சற்றுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் பென்சிலை எடுத்து, விருந்தினர் அறை என்றிருந்ததை வெட்டிவிட்டு 'அம்மா' என்று எழுதினார்.

முதியோர்க்கு வேண்டுவன பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. நிலம் அறையிலிருந்து குளியலறைவரை ஒரே மட்டமாக இருத்தல். தண்ணீர் சிந்தினாலும் வழுக்காத தளக்கல். கழிவறைச் சுவரிற் பிடித்தெழுவதற்கு ஒரு கம்பி. கட்டிலிற் கிடந்தபடியே கைக்கு எட்டும் விளக்கின் ஆளி. சக்கர நாற்காலி புகுதற்குரிய மூன்றடி அகலக் கதவு. முதுமையில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலர் அதன்பின் முன்போல நடமாடுவதில்லை. கட்டும்பொழுது ஒரு படியைத் தவிர்த்தல் எளிது. கட்டியபின் தளத்தை உடைத்து மட்டமாக்குதலின் அருமை செய்து பார்த்தவர்க்கே தெரியும்.

மேலும், நம்மவரிடையே வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படுவது. எழுதிக் கொடுத்த பெற்றோர் அதே வீட்டிலேயே தம் முதுமையைக் கழிப்பதும் வழக்கம். ஆதலின் இன்று நாற்பது வயதிற் படம் வரைவிப்பவர், முதியோர்க்கு ஒதுக்கும் அறை நாளை தமக்கே உரியதென்பதை நினைவிற் கொள்வாராக.

படிக்கும் பிள்ளைக்குத் தனியறை வேண்டுமென்பதில்லை. தொலைக்காட்சியின் ஓசை எட்டாத ஒரு மூலை போதும். நாலடிக்கு மூன்றடி இடமிருந்தால் மேசையும் நாற்காலியும் அடங்கும். வடக்கு யன்னலின் ஒளி பெரும்பாலும் கூசாமல் ஒரே சீராக இருக்கும். வலக்கையால் எழுதுபவர்க்கு ஒளி இடப்புறமிருந்து வருதல் நன்று. இல்லையேற் கையின் நிழல் எழுத்தில் விழும். இதற்கு இடமெங்கே என்பீர்களாயின், படத்திலுள்ள நடைவழியை அளந்து பாருங்கள். நாலடி அகலமும் இருபதடி நீளமும் உள்ள நடைவழி 80 சதுர அடியை விழுங்குகிறது. அது எட்டடிக்குப் பத்தடி அறையொன்றின் அளவு. அறைகளைக் கூடத்தைச் சுற்றி அடுக்கினால் நடைவழி சுருங்கும். பிள்ளையின் மேசைக்கு இடம் பிறக்கும்.

இதுவரை சொன்னவை நம் வீட்டார்க்குரியன. அயல்வீட்டார்க்குரியது ஒன்று உண்டு. அது கிணற்று நீர். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே நமது நீர். அவ்வெடிப்புகளின் வழியே மலக்குழியின் கழிவும் எளிதிற் பரவும். வயலிலும் தோட்டத்திலும் இடும் உரத்தோடு இக்கழிவுஞ் சேர, கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிக்கிராமைக் கடத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மிகுந்தால் முதலிற் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்கிவிடாது.

குளியலறையை எங்கே வரைகிறோமோ அதனையடுத்தே குழியும் அமையும். இரண்டு பரப்பு என்பது 20 பேர்ச். ஏறக்குறைய 5,445 சதுர அடி. நம் கிணற்றை வடகிழக்கு மூலையிலும் குழியைத் தென்மேற்கு மூலையிலும் வைத்து நாம் அமைதி கொள்ளலாம். ஆனால் தென்மேற்கு மதிலுக்கு அப்பால் அயலவரின் கிணறு இருக்குமாயின் நம் குழி அவர்க்குப் பக்கத்திலன்றோ அமைகிறது! ஆகவே வெற்றுத்தாளில் முதலிற் குறிக்கத்தக்கது வாசலன்று. நம் கிணற்றையும் சுற்றியுள்ளார் கிணறுகளையும் முதலிற் குறிக்க. அனைத்திலிருந்தும் விலகிய இடத்தைக் கண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையும் பெற்று, குழியை அங்கே வைத்து, பின்னரே குளியலறையையும் ஏனைய அறைகளையும் வரைக. குழியின் அடியையும் பக்கங்களையும் சீமெந்தால் நீர் கசியாவண்ணம் அடைத்து, நிறைந்தபின் வண்டியால் அகற்றுவிப்பது இன்னும் பாதுகாப்பானது.

பணம் குறைந்தோர் இவையெல்லாம் தமக்கு எட்டாதன என்று சோர்வடைய வேண்டியதில்லை. 2010 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தில் எழுந்த வீடுகள் ஏறக்குறைய 550 சதுர அடி அளவினவே. அவ்வளவில் தொடங்கினாலும் முழு வீட்டையும் தாளிலே வரைந்து வைத்துக்கொண்டு, ஒரு பகுதியை மட்டும் இப்போது கட்டலாம். பின்னர் எங்கே வாசல் திறக்கவேண்டுமோ அங்கே மேல்விட்டத்தை இப்போதே வைத்துவிட்டால், சுவரை அச்சமின்றி உடைத்துத் திறக்கலாம். அவ்வாறன்றி, கைக்குப் பணம் வருந்தோறும் ஒவ்வோர் அறையாக ஒட்டினால், நடுவறை காற்றும் ஒளியும் இழந்து இருண்டுபோகும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. சதுரக் கட்டமிட்ட தாளில் ஓரடிக்குக் கால் அங்குலமாகக் கொண்டு உங்கள் வீட்டை வரைந்து பாருங்கள். நாற்பதடி நீளமுள்ள வீடு பத்து அங்குலத்தில் அடங்கும். கட்டில், மேசை, அலுமாரி ஆகியவற்றையும் அதே அளவில் தாளில் வெட்டி உள்ளே வையுங்கள். பத்தடிக்குப் பத்தடி அறையிற் பெரிய கட்டிலும் அலுமாரியும் வைத்தபின் நடக்க எவ்வளவு மிஞ்சுகிறதென்பது அப்போது விளங்கும். கணிதப் பாடத்தில் நீங்கள் படித்த அளவுத்திட்டம் பெற்றோரின் பணத்தைக் காக்கும் இடம் இது.

பெரியோர்க்கும் ஒரு வேலை உண்டு. உள்ளூராட்சிச் சபைக்குப் படத்தை அனுப்புமுன் ஒருநாட் காலையில் வளவிலே முளையடித்துக் கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளால் அறைகளைக் கோடிடுங்கள். விறாந்தையென்று குறித்த இடத்தில் இரு கதிரைகளைப் போடுங்கள். அதன்பின்னும் ஒருவர் கடந்துபோக முடிகிறதா என்று பாருங்கள். அடுக்களையென்று குறித்த இடத்திலே சமைப்பவரை நிறுத்துங்கள். முதியவரைக் கட்டில் வரும் இடத்திலிருந்து குளியலறை வரும் இடத்திற்கு நடக்கச் சொல்லி எட்டுகளை எண்ணுங்கள். மாலையில் ஒருமுறை வந்து வெயில் எந்த அறையில் விழுகிறதென்று பாருங்கள். கோடு பிழைத்தாற் காலால் அழித்து மீளக் கீறலாம். கல் வைத்தபின் அவ்வாறு செய்ய இயலாது.