விளக்கு யார் கையில்?



எங்க ஊர் அம்மையார்குப்பம். திருத்தணி பக்கம், தறிச்சத்தம் கேட்கிற ஊர். கொஞ்சம் தள்ளிப் போனால் ஆந்திரா. எங்க ஆயா சின்ன வயசில் அந்தப் பக்கத்து ஊர்களில் விடிய விடிய தோல் பொம்மலாட்டம் பார்த்தவர்.

"வெள்ளைத் துணியத் திரையாக் கட்டி, பின்னால விளக்கு வெப்பாங்க. சீதைய ராவணன் தூக்கிட்டுப் போறப்போ அழுவோம்டா!" என்பார்.

"வெறும் ஆட்டுத்தோலுக்கா ஆயா அழுதீங்க?" என்று கேலி செய்தேன்.

"தோலுன்னு எங்களுக்குத் தெரியாதா? நடுவுல எழுந்து போயி, பொம்மைய ஆட்டுறவங்களப் பாத்துட்டு வருவோம். திரும்ப உக்காந்து அழுவோம்!"

இந்தப் பதிலில் ஒரு தத்துவமே இருக்கிறது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க ஞானி பிளேட்டோ ஒரு குகைக் கதை சொன்னார். குகைக்குள் கட்டிப் போடப்பட்ட மனிதர்கள், சுவரில் விழும் நிழல்களையே உலகம் என்று நம்புகிறார்கள். ஏன்? அவர்களால் தலையைத் திருப்ப முடியாது. எங்க ஆயாவால் திருப்ப முடிந்தது. ஆக, நிழல் குற்றவாளி அல்ல. விளக்கையும் கையையும் மறைப்பதுதான் குற்றம்.

அந்தக் கலை இன்று தேய்ந்துவிட்டது. ஆந்திராவில் தர்மாவரம் அருகே நிம்மலகுண்டாவில் பொம்மை செய்த கைகள் தோலில் விளக்குக்கூடுகளும் செய்கின்றன. அவ்வூர்க் கலைஞர் தளவாய் சலபதி ராவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் திரை முன்னால் உட்காரத்தான் ஆள் இல்லை. எல்லோர் கையிலும் வேறொரு திரை!

நம் டிராயிங் ஹாலுக்கு வாருங்கள். பிளானில் ஒரு வட்டம் தெரிகிறது. பொருள் என்ன? பந்தா, உருளையா, நாணயமா? எலிவேஷனையும் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் மதிப்பெண் போய்விடும். காகிதத்தில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், மனிதர்கள் விஷயத்தில் என்ன செய்தோம்?

போன வருஷம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் படத்தை எவனோ வேறொரு உடம்போடு ஒட்டி அனுப்பினான். செல்போன் செல்போனாகப் பரவியது. பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தோம். நானும் பார்த்தேன். "அனுப்பாதடா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. வந்த அன்று ஒரே கேள்விதான் கேட்டாள்: "பொய்னு தெரிஞ்சுமாடா பாத்தீங்க?"

பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆயாவும் பொய் என்று தெரிந்துதான் பார்த்தார். அப்படியானால் என்ன வித்தியாசம்? அங்கே ஆட்டுகிறவர் யார் என்று ஊருக்கே தெரியும். நிழலைப் பார்த்தவர்கள் ஒரு பெண்ணின் துன்பத்துக்காக அழுதார்கள். இங்கே ஆட்டியவன் இருட்டில். நிழலுக்குச் சொந்தக்காரி உயிரோடு நம் பக்கத்து பெஞ்சில். நாங்களோ சிரித்தோம்!

இராமாயணத்தில் சிம்ஹிகை என்றோர் அரக்கி வருகிறாள். கடல் தாண்டும் அனுமனின் நிழலைப் பிடித்தே அவனை இழுக்கிறாள். ஆளைத் தொடவே வேண்டாம், நிழல் போதும்! அந்த அரக்கி இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறாள். அவளுக்கு இரை போடுவது நாம்தான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 67-ஆம் பிரிவு, ஆபாசப் படத்தை உருவாக்கி வெளியிட்டவனோடு நிற்பதில்லை. அதை அடுத்தவருக்கு அனுப்புவதும் குற்றம்தான். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டுமா நாம் நல்லவர்களாக இருக்க வேண்டும்?

நண்பர்களே, அடுத்த முறை ஒரு படம் வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். விளக்கு யார் கையில்? நிழல் யாருடையது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் விரலை அசைக்காதீர்கள்.

அந்தத் தோழியிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த மலர் அவள் கைக்கும் போகும். இதையே முதல் வார்த்தையாக வைத்துக்கொள்ளட்டும்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை