நேரலையில் சேலையின் நிறம்

பரமக்குடி, எமனேசுவரம் வட்டாரத்து நெசவாளர் சங்கங்களும், மிளகாய் விளைவிக்கும் அங்கத்தினர்களும் நேரலை மூலம் சரக்கை விற்க முன்வருதல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. தனி வியாபாரிகள் இம்முறையை முன்னரே கைக்கொண்டுவிட்டனர். ஆனால் நிர்வாகக் குழுவில் பேச்செடுத்தவுடன், எந்தக் காமிரா வாங்கலாம் என்ற வினாவே முதலில் எழுகின்றது. சங்கப் பணத்தை அதில் முடக்குவது அவசரம் என்பது நமது கருத்து.

முதற்செலவு மைக்கிற்கு ஆகட்டும். பாம்பனில் 2016-ல் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி, படம் ஏதுமின்றிக் குரல் ஒன்றைக் கொண்டே மீனவர் குடும்பங்களைச் சென்றடைந்ததை நாம் அறிவோம். சட்டையில் குத்தும் சிறு மைக் போதும். நமது கரைக்காற்றுக்கு அதன்மேல் பஞ்சுறை அவசியம். மைக்கைச் செருகிவிட்டால் மட்டும் தீர்ந்துவிடாது. கணினியின் அமைப்பில் ஒலி உள்ளீடு என்ற இடத்தில் அதன் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் கணினி தன் உள்மைக்கையே பற்றிக்கொண்டு, மின்விசிறி இரைச்சலை ஊரெங்கும் பரப்பும். தறியோட்டத்தைக் காட்டும் வேளையில் இரைச்சல் நீக்கும் வசதியை நிறுத்துக. அது தறியொலியையும் இரைச்சலென்றே விழுங்கிவிடும்.

அடுத்தது நிறம். இதில்தான் அங்கத்தினரின் கூலி அடங்கியிருக்கிறது. தானியங்கி ஒயிட் பேலன்ஸில் விடப்பட்ட காமிரா, அரக்குச் சேலை சட்டத்தை நிறைத்தவுடன் வெளிச்சமே சிவப்பென்று எண்ணி நீலத்தைக் கூட்டும், அரக்கு மங்கிப்போகும். மங்கிய நிறத்தைக் கண்டு வாங்கியவர், அசல் நிறத்தைக் கண்டதும் சேலையைத் திருப்பி அனுப்பலாம். சாயமிட்டவர் மீதும் நெய்தவர் மீதும் பழி விழும், பிழையோ கருவியினுடையது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நமது முண்டு மிளகாய்க்கும் இது பொருந்தும். அதன் கருஞ்சிவப்பைப் பார்த்தே விலை பேசப்படுகிறது. ஒரு வெள்ளைத் தாளைக் காமிராவின் முன் பிடித்து, தாள் வெண்மையாகத் தெரியும் அளவைப் பூட்டிவிடுக. சன்னலோரப் பகல் வெளிச்சத்திற்கு ஏறத்தாழ 5500 கெல்வின். சன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் விளக்கையும் கலத்தல் ஆகாது.

டியூப் லைட்டின்கீழ்ப் படத்தில் பட்டைகள் ஓடுவதுண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 சுழற்சியாயிருக்க, காமிரா 60-க்கு அமைந்திருப்பதே பெரும்பாலும் இதன் காரணம். அதனை 50-க்கு மாற்றுக. ஷட்டர் அமைக்க வழியிருப்பின் நொடியில் 50-ல் அல்லது 100-ல் ஒரு பங்கு வைக்கலாம்.

படம் 720 வரி, நொடிக்கு 30 பிரேம் என்ற அளவு சேலைக்குத் தாராளம். அதற்குச் சுமார் 4 மெகாபிட் ஏற்றுவேகம் செல்லும். இணைப்பில் அதற்கு இருமடங்கு இருப்பது நலம். இறக்குவேகத்தைச் சொல்லி விற்பவர்களிடம் ஏற்றுவேகத்தைத் தனியே கேட்டு எழுதி வாங்குக.

இவை யாவும் சங்கத்திலிருக்கும் செல்போனிலும் பழைய கணினியிலும் பெரும்பாலும் இயலும். நெசவாளர் வீட்டுப் பெண்கள் இருவருக்கு இவ்வேலையைப் பழக்கி, அதற்கெனக் கூலியும் தீர்மானத்தில் எழுதி வைத்த பின்னர், காமிராவுக்கான கோரிக்கையை அடுத்த கூட்டத்தில் வைக்கலாம்.