சப்பாத்தியை நிறுத்துவதற்கு முன்

காலை நிகழ்ச்சிக்கு வரும் குரல் பதிவுகளில் ஒரு வகையை முதல் மூன்று விநாடியிலேயே அடையாளம் கண்டுவிடுவேன். "அக்கா, இதை மட்டும் ரேடியோவுல போட்டுடாதீங்க" என்று தொடங்கும். பிறகு குரல் தாழும். பக்கத்து அறையில் யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம்தான் மாதவிடாய் பற்றிய கேள்வி வரும். கொஞ்ச நாளாக அந்தக் கேள்விகளோடு ஒரு புதுச் சொல்லும் சேர்ந்து வருகிறது: குளூட்டன். "எனக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான்கா வருது. சப்பாத்தி, ரொட்டி, மீ எல்லாத்தையும் நிறுத்திட்டா சரியாயிடுமாமே, உண்மையா?"

நான் மருத்துவர் இல்லை, ஊடகம் படித்தவள். ஆனால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் தேடிப் படிக்காமல் இருக்க முடியுமா? படித்ததில் தெரிந்தது இதுதான். ஒரு சிறு பிரிவினருக்கு இது உண்மை. அவர்களுக்கு வாழ்க்கையையே மாற்றும் உண்மை. மற்ற பெரும்பாலோருக்கு இதில் உறுதியான ஆதாரம் இல்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்க ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அதைச் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம்தான் குளூட்டன். மாமாக் கடை அண்ணன் ரொட்டி சானாய் மாவைக் காற்றில் வீசினாலும் கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவை குளூட்டன் தருவது. நம்மில் பெரும்பாலோருக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் கதை வேறு. அவர்கள் உடல் இந்தப் புரதத்தை எதிரி என்று நினைத்துத் தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் மெல்லிய விரல்களைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சாப்பாட்டிலிருந்து இரும்பு, போலேட், கால்சியம் எல்லாவற்றையும் இழுத்துக்கொடுப்பவை அவைதான்.

அவை கெட்டால், தட்டு நிறையச் சாப்பிட்டும் உடல் பட்டினி கிடக்கும். பஞ்ச காலத்தில் பிள்ளைப்பேறு எதற்கு என்பதுபோல, உடல் கருமுட்டை வெளியிடுவதைத் தள்ளிப்போடலாம். பூப்பெய்துவது தாமதமாகலாம், மாதவிடாய் தவறலாம், மாதக்கணக்கில் நின்றும் போகலாம். கண்டுபிடிக்கப்படாத சீலியாக் நோய்க்கும் குழந்தைப்பேறு தாமதமாவதற்கும், திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. இந்தப் பெண்களுக்குக் குளூட்டன் இல்லாத உணவு வெறும் டயட் இல்லை, அதுதான் மருந்தே. வேறு மருந்து இன்னும் கிடையாது. வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டும். குடல் மெல்லத் தேறும்போது இரத்த அளவு ஏறும், பலருக்கு மாதவிடாயும் ஒழுங்குக்கு வரும்.

இது வெள்ளைக்காரர்கள் நோய், நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். மலேசியாவில் ஆரோக்கியமாக இருந்த 562 இளையோரின் இரத்தத்தைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 7 பேருக்குச் சீலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் இருந்தது. ஏறக்குறைய நூற்றில் ஒருவர். எல்லாருக்கும் வயிற்றுப்போக்கும் வராது. சிலருக்குத் தீராத இரத்தச்சோகை ஒன்றுதான் அடையாளம். இந்த இடத்தில்தான் நம் வீட்டுப் பேச்சு எனக்குக் கோபம் வரவைக்கிறது. "பொம்பளப் பிள்ளைன்னா இரத்தம் கம்மியாத்தான் இருக்கும்." ஏன் இருக்க வேண்டும்? கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே அது இரத்தச்சோகை. மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் அது ஏறவில்லை என்றால், மாத்திரையை மாற்றித் தருவதோடு விஷயம் முடியக்கூடாது. எங்கே ஒழுகுகிறது, எங்கே உறிஞ்சாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். அதிக உதிரப்போக்கா, கர்ப்பப்பைக் கட்டியா, குடலா?

அந்தப் பரிசோதனையின் பெயர் டிடிஜி-ஐஜிஏ. குளூட்டன் தூண்டிவிடுவதால் உடல் தன் சொந்தத் திசுவுக்கு எதிராகவே உண்டாக்கும் எதிர்ப்பொருளை அது தேடுகிறது. ஆறு மாதமாகக் கோதுமையே தொடாதவர் போய் இரத்தம் கொடுத்தால், எதிர்ப்பொருள் குறைந்துபோய் "ஒன்றும் இல்லை" என்று முடிவு வரலாம். நோய் உள்ளேயே இருக்கும், தாளில் மட்டும் இருக்காது. சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். முடிவு சந்தேகமாக இருந்தால் குடல்நோய் மருத்துவர் குழாய்க் கருவி விட்டுச் சிறுகுடலில் ஒரு துளி சதை எடுத்துப் பார்ப்பார். கோதுமையை விட்டு உடம்பு தேறியவரிடம் "சோதனைக்காக மறுபடி ஆறு வாரம் ரொட்டி சாப்பிடுங்கள்" என்று சொன்னால் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்? அதனால்தான் முதலில் ஊசி, அப்புறம் உணவு மாற்றம்.

சரி, சீலியாக் இல்லை என்று வந்துவிட்டது. பிசிஓஎஸ்தான் காரணம். அப்போதும் கோதுமையை விட வேண்டுமா? குளூட்டனை விட்டால் பிசிஓஎஸ் குணமாகும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. எடை கூடுதலாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் எடை குறைவதும், தொடர்ந்து நடப்பதும், இன்சுலின் கட்டுப்படுவதும்தான் மாதவிடாயை வரவழைக்கின்றன. எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு மட்டும் ஒரு சிறு நம்பிக்கை உண்டு. 2012-இல் இத்தாலிய ஆய்வு ஒன்றில் 207 பெண்கள் ஓராண்டு குளூட்டன் இல்லாமல் சாப்பிட்டார்கள்; முக்கால்வாசிப் பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, வழக்கம்போல் சாப்பிட்ட இன்னொரு குழு அதில் இல்லை. அதனால் குறைத்தது உணவா, நம்பிக்கையா என்று பிரிக்க முடியவில்லை.

"ஆனா எனக்கு நல்லா இருக்கேக்கா, வயித்து உப்பசமே இல்லை" என்பவர்களை நான் நம்புகிறேன். கோதுமையை விடும்போது ரொட்டி சானாய், மீ கோரேங், பிஸ்கட், கேக், மாலை நேரக் கறிபாப் எல்லாமே சேர்ந்து போய்விடுகின்றன. எண்ணெயும் சீனியும் பாதியாகக் குறைந்தால் யாருக்குத்தான் நன்றாக இருக்காது? தங்களுக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பிய 59 பேரை வைத்து நார்வேயில் ஆய்வு செய்தார்கள். 2018-இல் வெளியான முடிவு: உப்பசத்தைக் கிளப்பியது குளூட்டனைவிட, கோதுமையில் இருக்கும் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து. அதே ஃபிரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. அவற்றை விட்டுவிட்டு நாம் எதைச் சமைப்பது!

உண்மையிலேயே சீலியாக் நோய் இருப்பவருக்கு நம் சமையலறை பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. தோசை, இட்லி, அரிசிப் புட்டு, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ் எதிலும் குளூட்டன் இல்லை. மீக்குப் பதில் மீஹூன். பேரங்காடியில் தனி அலமாரியில் இருக்கும் விலை கூடிய ரொட்டியைத் தேடிப் போகவேண்டிய அவசியமில்லை. அவற்றில் பலவற்றில் நார்ச்சத்தும் இரும்பும் சாதாரண ரொட்டியைவிடக் குறைவு. வெள்ளைச் சோற்றை மட்டுமே மூன்று வேளையும் சாப்பிடுவதும் தீர்வல்ல, முக்கியமாகப் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு. ஒளிந்திருக்கும் கோதுமைதான் ஆபத்து. கூட்டுப் பெருங்காயத்தூளில் கோதுமை மாவு கலப்பது வழக்கம், ஆக ரசமும் சாம்பாரும் சந்தேகத்துக்குரியவை. சோயா கிச்சாப்பில் கோதுமை இருக்கும். மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பார்லி மால்ட் உண்டு. கறிபாப் பொரித்த எண்ணெயில் பொரித்த உளுந்து வடையும், ரொட்டி சானாய் போட்ட கல்லில் ஊற்றிய தோசையும் அவர்களுக்கு ஆகாது.

கிளினிக்கிற்குப் போகும் தோழிகளுக்கு இன்னும் இரண்டு விஷயம். கடைசி ஆறு மாதம் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் இருந்தது என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டு போங்கள். மூன்று மாதம் வராமலே இருந்தாலோ, பதினைந்து வயதாகியும் மகள் பூப்பெய்தவில்லை என்றாலோ காத்திருக்க வேண்டாம். தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் மாதவிடாயைக் கலைக்கும், சீலியாக் உள்ளவர்களுக்குக் கூடுதலாகவே வரும். வீட்டில் ஒருவருக்குச் சீலியாக் உறுதியானால் அம்மா, அப்பா, உடன்பிறப்பு, பிள்ளைகள் எல்லாரும் அதே இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. அதுவரைக்கும் அவர்கள் சப்பாத்தியைச் சாப்பிடட்டும்.